கிருமியைக் கொல்லும் மஞ்சள்!
வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும்

ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பங்களுக்கு வெயிலின் குணம் தெரியும். சாயம் வெளுக்காமல் இருக்கப் பட்டை நிழலில் உலர்த்துவது வழக்கம். மஞ்சள் கறையோ வெயில் பட்டால் வெகு சீக்கிரம் மங்கிவிடும்.

அந்த மஞ்சளையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கிருமிகளைக் கொல்லலாம் என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்!

எப்படி?

மஞ்சளுக்கு நிறம் தரும் பொருளின் பெயர் குர்குமின். நீல நிற வெளிச்சம் பட்டால், அது வெளிச்சத்தின் சக்தியை இழுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தியைப் பக்கத்தில் உள்ள பிராணவாயுவுக்குக் கொடுக்கிறது. உடனே பிராணவாயுவுக்கு முரட்டுக் குணம் வந்துவிடுகிறது. கிருமியின் மேல் தோலைத் தாக்கிச் சிதைக்கிறது. கிருமி சாகிறது!

இதற்குச் சூடு தேவை இல்லை. பழரசத்தைக் கொதிக்க வைத்தால் ருசி கெடும். இந்த முறையில் அந்தத் தொல்லை குறைவு.

மாணவர் கண்டது

வெளிச்சத்தின் இந்த வேலை 1900-ம் ஆண்டிலேயே வெளியானது. ஜெர்மனியில் மூனிச் நகர மருத்துவ மாணவர் ஆஸ்கார் ராப் அதைக் கண்டார். சாயம் கலந்த தண்ணீரில் இருந்த நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் செத்தன. இருட்டில் பிழைத்தன.

எலுமிச்சையிலும் வெளிச்சத்தில் வேலை செய்யும் பொருள் உண்டு. 2012-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை வெயிலில் வைத்துச் சோதித்தார்கள். அரை மணி நேரத்தில் 'ஈ கோலை' கிருமி வெகுவாகக் குறைந்தது. ஆனால் வாந்தி, பேதி உண்டாக்கும் 'நோரோ' வைரஸ் அவ்வளவாக அடங்கவில்லை.

ஏமாறக்கூடாது

ஆகவே, தண்ணீரில் மஞ்சள் தூளைப் போட்டு வெயிலில் வைத்தால் போதும் என்று யாரும் நினைக்கக்கூடாது. மஞ்சள் தண்ணீரில் எளிதில் கரையாது. கலங்கிய பானத்துக்குள் வெளிச்சம் நுழையாது. ஒளிந்த கிருமி பிழைத்துக்கொள்ளும்.

நெசவாளிக்குப் புடவைக் கணக்கில்தான் கூலி. பேதி கண்டு நாலு நாள் படுத்தால் தறி நின்றுவிடும். அடுப்பும் அணைந்துவிடும். பச்சைக் குழந்தைக்கு வந்தாலோ உயிருக்கே ஆபத்து!

இந்தக் கண்டுபிடிப்பு பெரிய கம்பெனிகளின் பாட்டிலோடு நின்றுவிடக்கூடாது. தெருமுனைத் தள்ளுவண்டிக்கும் வரவேண்டும். வெயிலில் தாகம் தீர்க்க ஏழைகள் போவது அங்கேதான். நீல விளக்கும் மஞ்சளும் எட்டாத பொருள்கள் அல்ல. தள்ளுவண்டிக்கு ஏற்ற கருவியைச் செய்து தருவது விஞ்ஞானிகளின் கடமை.

அதுவரை?

கொதித்து ஆறிய தண்ணீரே நம்பிக்கையானது!