கட்டைப் பார்ப்பவர் யார்?

ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், ஒரு வேதாகமக் கல்லூரிக்கு மேலே, கெலி பார்ன்ஸ் என்ற சிறிய மண் அணை இருந்தது. 1957இல் மின் உற்பத்தி நின்றபின் அதன் ஏரி பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்பட்டது. 1977 நவம்பர் 6ஆம் திகதி அதிகாலை, கடும் மழையில் அணை உடைந்து 39 பேர் மாண்டனர்.

தனியொரு காரணத்தை விசாரணையாளரால் உறுதிசெய்ய முடியவில்லை. ஆனால் அணையின் வெளிச்சரிவு செங்குத்தானது. அதில் மரங்கள் வளர்ந்திருந்தன. 1973ஆம் ஆண்டுப் படமொன்றிலேயே அங்கு மண் சரிந்திருந்தமை தெரிந்தது. அனைவரும் நீரின் அழகைப் பார்த்தனர், கட்டைப் பார்க்கவில்லை. இதன் பின்னரே, ஆபத்தான தனியார் அணைகளைப் பரிசோதிக்குமாறு ஜனாதிபதி காட்டர் பணித்தார்.

எமக்கும் இது புதிதன்று. 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை மறக்கலாமா?

இன்று வயலுக்கான குளங்களில் படகுச் சவாரியும் விடுதிகளும் வருகின்றன. வரட்டும். ஆனால் நீரால் வருமானம் பெறுவோர் கட்டின் பராமரிப்பிலும் பங்கேற்க வேண்டும். மாரிக்கு முன் கமக்காரர் அமைப்பு கட்டின் நீளம் முழுவதும் நடந்து பார்க்கட்டும். செடிகள் மரமாகுமுன் அகற்றப்படட்டும். வான் அடைபடாதிருக்கட்டும். கசியும் நீர் கலங்கி வந்தால், கட்டின் மண் கரைகிறது என்று பொருள், உடனே அறிவியுங்கள்.

இறைபராமரிப்பில் நம்பிக்கை வைப்பது, கட்டைக் கவனியாது விடுவதற்கு அனுமதி அன்று. கீழே உறங்கும் அயலவனை நேசிப்பதென்றால், கட்டின் மேல் ஏறிப் பார்ப்பதும் அதில் அடங்கும்.