கிட்னி பிரச்சினை இருந்தால் பன்றிக்கறியைத் தொடவே கூடாதா?

சங்கரன்கோவில் - திருநெல்வேலி சாலையில் இருக்கும் பனவடலிசத்திரத்தில் அப்பா, சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு கிரியேட்டினின் ஏறியது தெரிந்ததும் போனில் போகும் முதல் உத்தரவு: "இனிமே கறியே தொடாதீங்கப்பா." பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதோ நேர் எதிர்: "வெண்பன்றிக் கறி குளிர்ச்சி. கொழுப்போட சாப்பிடு, ஒண்ணும் செய்யாது."

இரண்டுமே அரைகுறை ஆலோசனை.

முதலில் கொழுப்பு. 100 கிராம் பன்றி வயிற்றுக்கறியில் கொழுப்பே சுமார் 50 கிராம், கலோரி 500-ஐத் தாண்டும். புரதம் 10 கிராம்கூட இல்லை. 'புரதம் கம்மிதானே, கிட்னிக்கு நல்லதாச்சே' என்று தோன்றும். ஆனால், நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்குப் பெரிய ஆபத்து இதயத்தில்தான் இருக்கிறது. பலர் டயாலிசிஸ் நிலைக்குப் போகும் முன்பே மாரடைப்பில் இறந்துபோகிறார்கள். 'குளிர்ச்சி' என்ற நம்பிக்கை அந்த ரத்தக்குழாய்களைக் காப்பாற்றாது.

அடுத்து புரதம். டயாலிசிஸ் செய்யாதவர்களில் மூன்றாம் நிலையை எட்டியவர்களுக்கு, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.8 கிராம் புரதம் என்பது சர்வதேசப் பரிந்துரை. 60 கிலோ எடை என்றால் 48 கிராம். கொழுப்பு நீக்கிய 100 கிராம் கறியிலேயே சுமார் 20 கிராம் வந்துவிடும். அதனால் கறி சாப்பிடும் நாளில் முட்டை, பருப்பைக் குறைக்க வேண்டும். டயாலிசிஸில் இருப்பவருக்குக் கணக்கு தலைகீழ்: கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. அவரிடம் "கறியே வேண்டாம்" என்று சொல்லி உடம்பைத் தேய விடுவதும் தப்புதான்.

மூன்றாவது உப்பு. நாள் முழுக்க 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான் அளவு. குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால் ஒரே வேளையில் அது தீர்ந்துவிடும். சாசேஜ், பேக்கன் இன்னும் மோசம். அவற்றில் சேர்க்கும் பாஸ்பேட், இயற்கையாக இறைச்சியில் உள்ளதைவிட அதிகமாக ரத்தத்தில் கலக்கும். 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டையும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். பெரும்பாலும் அதில் இருப்பது பொட்டாசியம்.

ஆசைப்பட்டால் எப்போதாவது ஒருநாள், கொழுப்பை வெட்டியெடுத்து, வேகவைத்த தண்ணீரை வடித்து, உப்பைக் குறைத்து, சின்னக் கிண்ணம் அளவில் சாப்பிடலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். பலருக்கு "சரி" என்றே பதில் வரும். மொத்தமாகத் தடை போட்டால் அப்பா ஒளித்துச் சாப்பிடுவார். அப்போது அளவும் தெரியாது, உப்பும் தெரியாது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் பி.பி., சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கிட்னியைக் காப்பாற்றுவதில் அந்த மாத்திரைகளுக்குத்தான் முதல் இடம். அதனால் அடுத்த போனில் "கறி சாப்பிட்டீங்களா?" என்று மிரட்டாமல், "மாத்திரை போட்டீங்களாப்பா? பி.பி. எவ்வளவு?" என்று கேளுங்கள்.