ஆண் ஹார்மோன் ஊசியும் கொலஸ்ட்ரால் கணக்கும்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சமயபுரம் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு "ஆண்மைக் குறைவா?" என்று கேட்கும் நோட்டீஸ்கள் புதிதல்ல. கேள்வி பழையதுதான். பதிலில் மட்டும் லேகியத்தோடு டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஜெல்லும் சேர்ந்துகொண்டன. கூடவே ஒரு பேச்சு: "போட்டுக்கிட்டா கொலஸ்ட்ராலும் இறங்குமாம்!" இந்த "மாம்" எவ்வளவு தூரம் உண்மை?

ஒரு வேடிக்கை என்னவென்றால், டெஸ்டோஸ்டிரோனே கொலஸ்ட்ராலிலிருந்து பிறப்பதுதான். விரைகள் அதைத்தான் மூலப்பொருளாக எடுத்துக்கொள்கின்றன. 1935-ல் ருசிக்கா என்ற விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் இந்த ஹார்மோனைத் தயாரித்ததும் கொலஸ்ட்ராலை வைத்துத்தான். (1939-ல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது.) அதற்காக, ஹார்மோன் ஏறினால் கொலஸ்ட்ரால் செலவாகித் தீரும் என்று கணக்குப் போடக்கூடாது. ஓர் ஆண் ஒரு நாளில் சுரப்பது சில மில்லிகிராம். உடம்பு தயாரிக்கும் கொலஸ்ட்ராலோ ஏறத்தாழ ஒரு கிராம். ஊசி போட்டால் அந்தச் சொந்தச் சுரப்பும் அடங்கிவிடும்.

அமெரிக்காவில் 65 வயது தாண்டிய, ஹார்மோன் குறைந்த 790 ஆண்களை வைத்து ஓர் ஆண்டு சோதனை நடந்தது. பாதிப்பேருக்கு ஜெல், பாதிப்பேருக்குப் போலி மருந்து. ஜெல் தடவியவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 6 புள்ளி, எல்.டி.எல். 2 புள்ளி கூடுதலாக இறங்கியது. ஆக, பேச்சு முழுப் பொய் இல்லை. ஆனால் ஸ்டாட்டின் மாத்திரை எல்.டி.எல்.லை 30 சதவீதத்துக்கு மேல் இறக்கும்போது 2 புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போதாக்குறைக்கு நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்.லும் 2 புள்ளி இறங்கியது. அவர்களில் ஒரு பிரிவினரின் இதயத்தை ஸ்கேன் செய்தபோது, ஜெல் தடவியவர்களுக்கே ரத்தக்குழாய்ப் படிவு அதிகம் கூடியிருந்தது. இது 2017-ல் வெளிவந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இடிப்பது அந்த எச்.டி.எல். விஷயம்தான். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் ஐ.சி.எம்.ஆர். நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. எல்.டி.எல். அதிகமாக இருந்தவர்கள் 11.8 சதவீதம்தான், எச்.டி.எல். குறைவாக இருந்தவர்களோ 72.3 சதவீதம்! ஏற்கெனவே வற்றிய கிணற்றில் இன்னும் இரண்டு வாளி இறைப்பானேன்?

அதற்காக நிஜமாகவே குறைபாடு உள்ளவர் பயந்து ஓட வேண்டியதில்லை. பிட்யூட்டரி கட்டிக்கு ஆபரேஷன் ஆனவர், பிறவியிலேயே கிளைன்ஃபெல்டர் கோளாறு உள்ளவர் ஆகியோருக்கு இது அவசியமான மருந்து. இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 5,200 பேரை வைத்து நடந்த டிராவர்ஸ் சோதனை 2023-ல் முடிவு சொன்னது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஹார்மோன் பெற்றவர்களில் 7.0 சதவீதம், பெறாதவர்களில் 7.3. ஏறக்குறைய சமம். ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தம் உறைவதும் ஹார்மோன் பக்கம் அதிகம். ஆகவே வேறு வேறு நாட்களில் இரண்டு முறை, காலை வெறும் வயிற்றில் ரத்தம் சோதித்துக் குறைபாடு உறுதியான பிறகே மருந்து. தொப்பை உள்ளவருக்கோ எடை குறைந்தாலே ஹார்மோனும் ஏறும், எச்.டி.எல்.லும் ஏறும். அதற்கு நோட்டீஸ் ஒட்ட ஆளில்லை!

ஜிம் மாத்திரைகள் கதையே வேறு. பளு தூக்குபவர்களை வைத்து 1989-ல் வந்த ஆய்வில் ஸ்டானசோலால் மாத்திரை எச்.டி.எல்.லை 33 சதவீதம் சரித்தது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி சரித்தது 9 சதவீதம்.

இன்னொன்றையும் நோட்டீஸ் சொல்லாது. சமயபுரத்தில் பிள்ளை வரம் வேண்டிக்கொண்டு, பிறந்ததும் கரும்புத் தொட்டில் எடுக்கும் தம்பதிகள் எத்தனையோ பேர். அப்படிக் காத்திருக்கும் கணவர் "தெம்புக்கு" இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் விந்தணு உற்பத்தியே படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து 1990-ல் முடிவை வெளியிட்டது.