பூட்ஸ் கயிற்றில் என்ன இருக்கிறது?

நமது தகப்பனாருக்கு வயது 76. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவர் தவறாமல் அனுஷ்டித்து வந்த நியமம் ஒன்று உண்டு. விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கான்வாஸ் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஊர்க் குளக்கரையை மூன்று முறை சுற்றி வருவார். மழைக்காலத்தில் குடையுடன் சுற்றுவார். அப்படிப்பட்டவர், சென்ற கோடை விடுமுறை முடிந்ததும் திடீரென்று உலாவப் போவதை நிறுத்திவிட்டார்.

காரணம் கேட்டோம். "குளக்கரையில் நாய்கள் அதிகமாகிவிட்டன" என்றார், முதல் வாரத்தில். "முழங்கால் வலி" என்றார், இரண்டாவது வாரத்தில். ஆனால் அந்த முழங்கால் ஒரு நாளைக்கு நாலு தடவை மாடிப்படி ஏறி இறங்கத் தயங்கியதாகத் தெரியவில்லை. மூன்றாவது வாரம், "உனக்கு வேறு வேலை இல்லையா?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார். சாக்குச் சொல்லும் மாணாக்கர்களை இருபது வருஷங்களாகப் பார்த்து வருகிறோம். ஆயினும் சாக்குச் சொல்பவர் பெற்ற தகப்பனாராக இருக்கும்போது குறுக்கு விசாரணை செய்வது எப்படி?

உண்மையை வெளியிட்டவள் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் நம் பெண்.

"தாத்தாவுக்கு விரல் மடங்கவே மாட்டேன் என்கிறதாம், அப்பா! லீவில் தினமும் நான்தான் பூட்ஸ் கயிறு கட்டிவிட்டேன். ஸ்கூல் திறந்ததும், 'நீ தூங்கு, குழந்தை! எனக்காக எழுந்திருக்க வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். உங்களிடம் சொல்லக்கூடாது என்றும் சொன்னார்."

அந்தக் குழந்தைக்கு முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். மூன்று வருஷத்துக்கு முன்பு, திண்ணையில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இப்போது அந்த வித்தை குருவின் கையை விட்டுப் போய்விட்டது. சிஷ்யையிடம் கேட்டுப் பெறுவதிலும் அவருக்கு லஜ்ஜை. கேவலம், ஒன்றரை முழக் கயிறு! அதன் பொருட்டு ஒரு மனிதர் தம் காலைப் பொழுதையே இழந்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை ஒரு ஜோட்டுக் கடைக்கு அழைத்துப் போனோம். கடைப் பையன் விஷயத்தைப் புரிந்துகொண்டு, கயிற்றுக்குப் பதிலாக வெல்க்ரோ என்னும் ஒட்டுப் பட்டை வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி எடுத்து வைத்தான். "இழுத்து ஒட்டினால் போதும், ஐயா! குனிந்தபடியே இருக்க வேண்டாம்" என்றான். தகப்பனார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பட்டையைப் 'பர்ர்' என்று ஒரு முறை பிய்த்தார். பிறகு, "இது பாலர் வகுப்புப் பிள்ளைகள் போடுவதல்லவா, தம்பி?" என்று கேட்டுவிட்டுக் கீழே வைத்தார். கடையிலிருந்து வெறுங்கையுடன் திரும்பினோம்.

வழியெல்லாம் நாம் யோசித்துக்கொண்டு வந்தது இதுதான்: மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. பல் செட்டு வைத்துக்கொள்ள வெட்கப்படவில்லை. ஊன்றுகோலைக்கூட ஒரு ஜமீன்தாரைப் போல வீசி நடக்கிறார். அப்படியிருக்க, இந்த ஒட்டுப் பட்டையிடம் மட்டும் என்ன அவமானத்தைக் கண்டார்?

யோசிக்க யோசிக்க, இதில் நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்கும் பங்கு உண்டென்று தோன்றியது. பள்ளிக்கூடங்கள் பலவற்றில் சிறு வகுப்புக் குழந்தைகளுக்கு ஒட்டுப் பட்டை பூட்ஸ். மேல் வகுப்புக்கு வந்தால் கயிறு வைத்த பூட்ஸ். முப்பது குழந்தைகளின் அறுபது கயிறுகளை ஒரே டீச்சரம்மாள் கட்டிக்கொண்டிருந்தால் பாடம் நடக்குமா? ஆகையால் ஏற்பாடு நியாயமானதே. ஆனால் அதன் விளைவாகக் குழந்தையின் மனத்தில் ஓர் எண்ணம் வேரூன்றிவிடுகிறது: பட்டை என்றால் பாலகன், முடிச்சு என்றால் பெரிய மனிதன். முடிச்சுப் போடக் கற்ற அன்று குழந்தை அடையும் பெருமை லேசானதல்ல. அந்தப் பெருமையே 70 வருஷம் கழித்து விரல் மடங்காத கிழவருக்கு விலங்காக வந்து சேருகிறது.

இனி, வழக்கின் இரு கட்சிகளையும் விசாரிப்போம்.

கயிற்றின் கட்சி மிகப் புராதனமானது. ஆர்மீனியா தேசத்தில் அரேனி என்னும் ஊருக்கு அருகிலுள்ள குகையில் 2008-ஆம் வருஷம் ஒற்றைத் தோல் ஜோடு ஒன்று அகப்பட்டது. வயது சுமார் 5500 வருஷம். ஒரே துண்டு மாட்டுத் தோலை மடித்து, துவாரமிட்டு, தோல் வாரால் இறுக்கியிருக்கிறார்கள். இத்தனை காலம் நிலைத்த பொருளை ஒரு வார்த்தையில் தள்ளிவிட முடியாது. கயிற்றை ஒவ்வொரு துவாரத்திலும் வேண்டிய அளவு இறுக்கலாம், தளர்த்தலாம். ஓட்டப் பந்தயக்காரர்கள் இன்றும் பெரும்பாலும் அதையே நாடுவதற்குக் காரணம் இதுதான். அறுந்தால் சொற்பக் காசில் புதிதாகக் கோத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் புர்க்கார்டு போல்ஸ்டர் என்ற கணித சாஸ்திரி, எந்த விதமாகக் கோத்தால் கயிறு நன்றாக இறுகும் என்று கணக்கிட்டு 2002-ஆம் வருஷம் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார். விடை என்ன தெரியுமோ? உலகத்தார் வழக்கமாகக் கோக்கும் குறுக்கு மாறலும் நேர் வரிசையுமே மிகப் பலமானவையாம்! கணிதம் தெரியாமலே ஜனங்கள் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அதே கயிறு நடுத்தெருவில் அவிழ்ந்து மானத்தை வாங்குவதும் உண்டு. கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி கிளையைச் சேர்ந்த மூவர் இதன் காரணத்தை ஆராய்ந்து 2017-ஆம் வருஷம் வெளியிட்டார்கள். ஓடும்போது பாதம் தரையில் மோதுகையில் பூமியின் ஈர்ப்பைப் போல் சுமார் 7 மடங்கு அதிர்ச்சி முடிச்சைத் தாக்குகிறது. முடிச்சு சற்றுத் தளருகிறது. அடுத்த கணம் கால் வீசும்போது கயிற்றின் தொங்கும் நுனிகள் சாட்டையைப் போல் சுண்டி இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்து, நெடுநேரம் கெட்டியாக நின்ற முடிச்சைச் சில விநாடிகளில் அவிழ்த்துவிடுகின்றன.

இதில் நேயர்களுக்கு உபயோகமான சங்கதி ஒன்று உண்டு. முதல் முடிச்சில் இடது கயிற்றை வலதின் மேல் போட்டால், மேலே சுருக்குப் போடும்போது வலதை இடதின் மேல் போட வேண்டும். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போடுகிறவர்களின் முடிச்சுத்தான் சீக்கிரம் அவிழும். சுருக்கின் இரண்டு காதுகளும் பாதத்துக்குக் குறுக்கே படுத்திருந்தால் முடிச்சு சரி. விரலையும் கணுக்காலையும் நோக்கித் திரும்பியிருந்தால் தவறு. நாம் குனிந்து பார்த்தோம். பட்டம் பெற்ற உபாத்தியாயர் நாற்பது வருஷ காலமாகத் தவறான முடிச்சே போட்டு வந்திருக்கிறார்!

ஒட்டுப் பட்டையின் கட்சி நேற்று முளைத்தது. கிராமத்து ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்தவர்களுக்கு, வேட்டிக் கரையெல்லாம் நாயுருவி விதை ஒட்டிக்கொண்டு வரும் அனுபவம் உண்டல்லவா? அதே அனுபவம் 1941-ஆம் வருஷத்தில் ஸ்விட்ஜர்லாந்து தேசத்து என்ஜினீயர் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் என்பவருக்கு ஏற்பட்டது. ஆல்ப்ஸ் மலையில் வேட்டைக்குச் சென்று திரும்பியபோது, அவர் உடையிலும் நாயின் ரோமத்திலும் அவ்வூர் ஒட்டுக்காய்கள் அப்பியிருந்தன. நாமாயிருந்தால் செடியைத் திட்டிக்கொண்டே பிய்த்து எறிந்திருப்போம். அவரோ பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். காயெங்கும் நுண்ணிய கொக்கிகள்! ஒரு பக்கம் கொக்கி, மறு பக்கம் வளையம் என்று நைலான் இழையில் நெய்து, உரிமைப் பத்திரம் வாங்கி முடிப்பதற்குள் 1955-ஆம் வருஷம் ஆகிவிட்டது. 'வெலூர்' என்றால் பிரெஞ்சு பாஷையில் வெல்வெட்டுத் துணி. 'குரோஷே' என்றால் கொக்கி. இரண்டின் தலைகளையும் சேர்த்து 'வெல்க்ரோ' என்று பெயரிட்டார். 1968-ஆம் வருஷத்தில் பூமா கம்பெனி அதைப் பூட்ஸில் வைத்தது. சந்திரனுக்குச் சென்ற அப்போலோ விண்கலங்களில், கைச்சாமான்கள் மிதந்து ஓடிவிடாமல் ஒட்டி வைத்ததும் இதே பட்டைதான். சந்திர மண்டல யாத்திரிகர்களுக்கு ஏற்பட்ட பொருள் பெரியவர்களுக்கு ஏற்காது என்று எப்படிச் சொல்வது?

பட்டைக்கும் குறைகள் உண்டு. கொக்கிகளில் நூலும் தலைமயிரும் தூசியும் அடைத்துக்கொண்டால் பிடிப்புப் போய்விடும். பழைய பல் துலக்கும் பிரஷால் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். மௌனமான சபையில் அது போடும் சப்தமும் நாகரிகமானதல்ல.

ஆனால் பயன் என்று பார்த்தால், விரல் வாதம் உள்ளவர்களுக்கும் பக்கவாதத்தால் ஒரு கை வழங்காதவர்களுக்கும் இது பெரிய வரப்பிரசாதம். நீரிழிவுக்காரர்களின் பாதம் காலையில் ஓர் அளவாகவும் மாலையில் வீங்கி வேறோர் அளவாகவும் இருக்கும். பாதம் மரத்துப் போனவர்களுக்கு ஜோடு கடிப்பதே தெரியாது. அவர்களுக்காக நம் ஊர்களில் விற்கும் மெத்து ரப்பர் செருப்புகளில் ஒட்டுப் பட்டை வைப்பது இதற்காகத்தான். அமெரிக்காவில் 2012-ஆம் வருஷம், பிறவியிலேயே மூளை வாதம் கண்ட 16 வயதுப் பையன் ஒருவன் நைக்கி கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். காலேஜுக்குப் போகும் தனக்கு, தினந்தோறும் வேறொருவர் வந்து பூட்ஸ் கயிறு கட்ட வேண்டியிருக்குமே என்பது அவன் கவலை. அதன் பலனாக 2015-ஆம் வருஷம் ஒரு கையாலேயே மாட்டக்கூடிய பூட்ஸ் கடைக்கு வந்தது. பதினாறு வயதுப் பிள்ளையின் மனக்குறையும், எழுபத்தாறு வயதுக் கிழவரின் மனக்குறையும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள்.

நம் தேசத்து வழக்கத்தையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கயிறு கட்டிய பூட்ஸ், காலையில் மாட்டினால் இரவு வரை கழற்றாத குளிர் தேசத்தாருக்கு ஏற்றது. நாமோ வாசற்படி தோறும் பாதரட்சையைக் கழற்றுகிற ஜனங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் எண்ணிப் பார்த்தோம். வீடு, கோயில், டாக்டர் அறை, கல்யாண வீடு, அண்டை வீடு என்று ஒன்பது முறை கழற்றி மாட்டியிருக்கிறோம்! இதனால்தான் நம்மவர்களில் பலர், போட்ட முடிச்சை அவிழ்க்காமலே காலைத் திணித்து, பூட்ஸின் பின்புறத்தை அப்பளமாக மிதித்துவிடுகிறார்கள். முடிச்சின் கௌரவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், கடைசியாக அதை எப்போது அவிழ்த்தார்கள் என்று மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. குழந்தைகளுக்கு முடிச்சுப் போட அவசியம் கற்றுக் கொடுக்க வேண்டும். விரலுக்கும் பொறுமைக்கும் அது நல்ல பாடம். ஆனால் அதைப் பெரிய மனிதத்தனத்தின் அத்தாட்சிப் பத்திரமாக வழங்கக் கூடாது. தன் காரியத்தைத் தானே செய்துகொண்டு வெளியே கிளம்புவதுதான் பெரிய மனிதத்தனம். அதற்குக் கயிறு உதவினால் கயிறு, பட்டை உதவினால் பட்டை. இரண்டில் எதைப் பார்த்தும் சிரிக்க வேண்டாம்.

இப்படி எழுதுவது சுலபம். தகப்பனாரிடம் எப்படிச் சொல்வது? உபதேசம் செய்ய நமக்குத் தைரியம் வரவில்லை. கடைக்குத் திரும்பிப் போய், அதே மாதிரிக் கறுப்பு ஜோடி ஒன்றை நமக்கே வாங்கிக்கொண்டோம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர்கள் அறையில் நுழைந்ததும், "என்ன சார், பாலர் வகுப்பில் சேர்ந்துவிட்டீர்களா?" என்று ஒரு நண்பர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நம்மையே இப்படிச் சுட்டதென்றால், கடையில் அவர் பூட்ஸைக் கீழே வைத்ததன் அர்த்தம் அப்போதுதான் நமக்கு நன்றாக விளங்கியது. ஆயினும் விடாமல் போட்டுக்கொண்டு போனோம். மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாம் நாள் அதே நண்பர் ரகசியமாக விலை விசாரித்தார்.

தகப்பனார் தினமும் மாலையில் திண்ணையிலிருந்து நம் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பத்தாவது நாள், "உன் அளவும் என் அளவும் ஒன்றுதானே?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் விடியற்காலையில் வாசலில் 'பர்ர்' என்ற சப்தம் கேட்டு விழித்துக்கொண்டோம். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, ஊன்றுகோலை வீசிக்கொண்டு அவர் தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த ஜோடி இன்னும் நமக்குத் திரும்பி வரவில்லை. ஆகையால் நாம் தற்சமயம் கயிறு வைத்த பழைய பூட்ஸைத்தான் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருகிறோம். முடிச்சை மட்டும் இப்போது சரியாகப் போடுகிறோம்.