கடிதத்தில் என்னதான் எழுதியிருக்கு?

நாயகன் வீட்டுக்குள் வருகிறான். மேசை மேல் ஒரு கடிதம். எடுத்துப் படிக்கிறான், முகம் மாறுகிறது, பின்னணியில் வயலின். பார்க்கிறவர்களோ பக்கத்தில் இருப்பவரிடம் "என்னப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கைக்காசு போட்டு எடுக்கும் படங்களில், அதிலும் மாணவர் குறும்படங்களில், அடிக்கடி நடக்கும் விபத்து இது. அதற்கப்புறம் நடிகர் எவ்வளவு அழுதாலும் வீண். எதற்கு அழுகிறார் என்றே தெரியாதே!

இயக்குநருக்கு அந்தக் கடிதம் மனப்பாடம். எடிட்டிங்கில் ஒரு விநாடி தெரிந்தாலே அவருக்குப் போதும். புதிதாகப் பார்க்கிறவருக்குப் போதாது. கதை தெரியாத ஒருவர் வாய்விட்டு இரண்டு முறை படித்து முடிக்கும் வரையாவது ஷாட் நிற்க வேண்டும்.

கிறிஸ்டோபர் நோலனின் 'மெமன்டோ' (2000) பெரிய ஸ்டுடியோ படம் அல்ல. ஞாபகம் தங்காத லெனார்ட் போலராய்டு போட்டோக்களில் குறிப்பு எழுதுகிறான், உடம்பில் பச்சை குத்திக்கொள்கிறான். (2005ல் வந்த 'கஜினி'யில் சூர்யா உடம்பில் பார்த்த அதே சமாசாரம்.) படமே அந்த எழுத்துகளை நம்பித்தான் ஓடுகிறது. கடைசியில் எல்லாம் ஒரு கார் நம்பரில் வந்து நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு குறிப்பும் சில வார்த்தைகளுக்குள் முடிகிறது; பெரிய எழுத்து, க்ளோசப். டெடியின் போட்டோவுக்குப் பின்னால் இருப்பது அவன் பொய்களை நம்பாதே என்பதுதான். நெஞ்சில் உள்ள பச்சை மட்டும் இடவலம் மாறியிருக்கும். கண்ணாடியில் பார்த்தால்தான் நேராகும். லெனார்ட் படிக்கும் அதே நொடியில் நாமும் படிக்கிறோம்.

நிஜக் கடிதம் பொடி எழுத்தில் இரண்டு பக்கம் இருக்காதா, யதார்த்தம் கெட்டுவிடாதா என்பார்கள். இருக்கட்டுமே. தூரத்து ஷாட்டில் அந்த இரண்டு பக்கக் கடிதமே இருக்கட்டும். க்ளோசப்புக்கு வேறு காகிதம்: அதே கையெழுத்து, தடித்த பேனா, தேவையான வரி நட்ட நடுவில். ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தூய வெள்ளைக் காகிதம் விளக்கில் வெளுத்துப்போகும், லேசான பழுப்பு நல்லது. பால்பாயின்ட் பேனாவின் மெல்லிய கோடு யூட்யூபில் ஏற்றியதும் பாதி கரைந்துவிடும். படப்பிடிப்பு முடிந்தபிறகு ஒரு மேசை, ஒரு விளக்கு, நடிகருடையது மாதிரி ஒரு கை, அவ்வளவுதான் செலவு.

செல்போன் மெசேஜுக்கும் இதே கதைதான். அனீஷ் சாகந்தியின் 'சர்ச்சிங்' (2018) முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டர், போன் திரைகளிலேயே நடக்கிறது. ஆனாலும் முழுத்திரையைக் காட்டி நம்மைத் தேடவிடுவதில்லை, வேண்டிய வரிக்குக் கிட்டே போகிறது. அப்பா மகளுக்கு அம்மாவைப் பற்றி ஒரு வரி டைப் செய்து, அனுப்பாமல் அழித்துவிடுவார். அந்த வரியைப் படிக்கத் தவறினால் அந்த மனிதரின் துக்கமே நம் கையை விட்டுப் போய்விடும்.

பாத்திரம் வாய்விட்டுப் படித்தால் நாடகத்தனம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பார்வை மங்கிய பெரியவரும், அந்த மொழியின் எழுத்தே தெரியாதவரும் படம் பார்க்கத்தான் செய்கிறார்கள். லெனார்டே தன் குறிப்புகளைப் பல இடங்களில் சொல்லிக் காட்டுகிறான், அதை யாரும் நாடகம் என்று சொல்லவில்லை.