தலைக்கு எத்தனை நாள்?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் ஆணையர் திரு. ரோஜர் குடெல் அவர்களுக்கு,

உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இந்த மடலை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் உங்களைக் கேட்க இங்கே ஆள் நிறைய உண்டு, கேட்டும் ஆயிற்று. நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் ஞாயிறு மதியம் சோற்றுத் தட்டோடு உங்கள் ஆட்டத்தின் முன் உட்காரும் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். நானும் அப்படி உட்கார்ந்தவன்.

2022 செப்டம்பர் 29, வியாழன் இரவு. சின்சினாட்டியில் ஆட்டம். மியாமி டால்பின்ஸ் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், டுவா டங்கோவைலோவாவை ஒருவர் சுழற்றித் தரையில் வீசினார். விழுந்தவரின் விரல்கள் முகத்துக்கு முன்னால் கோணலாக விறைத்து நின்றன. பக்கத்தில் இருந்த என் மகன், “அப்பா, அவர் கை ஏன் அப்படி நிக்குது?” என்றான். மூளை அதிர்ந்தால் உடம்பு தன்னிச்சையாக அப்படி விறைக்கக்கூடும் என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்ட்ரெச்சரில் கொண்டு போனார்கள்.

அதற்கு நான்கு நாள் முன்பு, செப்டம்பர் 25 அன்று, இதே மனிதரின் பின்மண்டை மியாமி மைதானத்தில் மோதியதை நாடே பார்த்தது. எழுந்தார், தலையை உதறினார், நாலு எட்டு வைத்தார், கால் பின்னியது. கூட ஆடியவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். தலைக்காயம் என்று முதலில் அறிவிப்பு வந்தது. பாதி ஆட்டம் முடிந்து பார்த்தால் ஆள் மறுபடி களத்தில் நிற்கிறார். கேட்டால், தள்ளாடியது முதுகுவலியால் என்றார்கள். அன்றைய விதிப்படி, தள்ளாட்டத்துக்குக் காரணம் மூளை அல்ல என்று மருத்துவர் முடிவு செய்தால் ஆட விடலாம். நீங்களும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து விசாரித்து வெளியிட்ட அறிக்கையில் ஒரு தகவல் இருக்கிறது: மூளையதிர்ச்சிப் பரிசோதனையின்போது அந்த மருத்துவர்கள் முதுகைச் சோதிக்கவே இல்லை. முன்னதாக வேறு மருத்துவப் பணியாளர்கள் பார்த்ததை வைத்து முடிவெடுத்தார்கள். அப்படியிருந்தும் அறிக்கையின் தீர்ப்பு, நெறிமுறை மீறப்படவில்லை என்பது. மீறாமலே இப்படி நடக்கும் என்றால் அது என்ன நெறிமுறை?

அக்டோபர் 8 அன்று விதியைத் திருத்தினீர்கள். இனி ‘அட்டாக்ஸியா’, அதாவது நடையோ பேச்சோ தடுமாறினால், காரணம் எதுவானாலும் அன்று ஆட்டம் கிடையாது. நல்ல விதி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

உங்கள் லீக்கில் இது புதிதும் அல்ல. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மைக் வெப்ஸ்டர், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை நான்கு முறை வென்றவர். ஐம்பது வயதில், 2002 செப்டம்பர் 24 அன்று, சீரழிந்த நிலையில் இறந்தார். டுவா மியாமியில் தள்ளாடியது, அதிலிருந்து இருபது ஆண்டும் ஒரு நாளும் கழித்து. வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்த நைஜீரிய மருத்துவர் பென்னெட் ஒமாலு, தொடர்ந்து அடிபட்ட மூளையில் வரும் சி.டி.இ. என்னும் சிதைவை அதில் கண்டு 2005-ல் எழுதினார். லீக் நியமித்த மூளைக்காயக் குழுவில் இருந்தவர்கள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். மூளையை ஆராய அமைத்த அந்தக் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர் ஒரு மூட்டுவாத மருத்துவர்! நம் ஊர் நகைச்சுவைப் படத்தில் வைத்தால்கூட மிகை என்பார்கள். 2009-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் நீங்கள் உட்கார்ந்தபோது, புகையிலைக் கம்பெனிகளின் பேச்சு நினைவுக்கு வருகிறது என்றார் ஓர் உறுப்பினர். இந்த ஆட்டத்துக்கும் சி.டி.இ.-க்கும் உள்ள தொடர்பை உங்கள் உயர் அதிகாரி ஒருவர் நாடாளுமன்றக் குழுவில் வாய்விட்டு ஒப்புக்கொள்ள 2016 ஆயிற்று.

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தலையைத் தாழ்த்தி முட்டுவதைத் தடுத்தீர்கள், 2024-ல் கிக்ஆஃப் முறையை மாற்றினீர்கள், ஹெல்மெட் மேல் பஞ்சுத் தொப்பி மாட்டினீர்கள். அந்த ஆண்டு உங்கள் கணக்கில் மூளையதிர்ச்சி 182. நீங்கள் எண்ணத் தொடங்கியதிலிருந்து அந்த ஆண்டு வரை அதுதான் குறைவு. மகிழ்ச்சி. ஆனால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லிக்கொள்ள இந்த ஆட்டத்தில் வழியில்லை. ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும். மூளை அதற்குள் நீரில் மிதக்கிறது. ஓடி வந்த தலை சட்டென நின்றாலும் உள்ளே மூளை நிற்பதில்லை. அதை எந்தப் பஞ்சும் முழுசாகத் தடுக்காது. அடிபட்ட பிறகு மூளைக்குத் தேவை ஓய்வு.

என் குறையே அங்குதான். உங்களைப்போல் அளக்கிறவர்கள் உலகத்திலேயே இல்லை. ஆட்டத்துக்குள் அடுத்த நகர்வு தொடங்க 40 வினாடி. பத்து கெஜத்தில் ஓர் அங்குலம் குறைகிறதா என்று பார்க்கச் சங்கிலி. 2025 முதல் அதற்கும் கேமரா. மூளையதிர்ச்சி கண்டவர் களத்துக்குத் திரும்ப மட்டும் ஐந்து படிகள் வைத்தீர்கள், நாள் கணக்கு வைக்கவில்லை. ஒரு ஞாயிறு விழுந்தவர் படிகளை ஏறி முடித்துவிட்டால் அடுத்த ஞாயிறே ஆடலாம். 2024 செப்டம்பரில் டுவா மறுபடி மூளையதிர்ச்சி கண்டபோது குறைந்தது நான்கு ஆட்டம் ஒதுங்கினாரே, அதுவும் காயப்பட்டோர் பட்டியல் விதியால். அணியில் ஆள் எண்ணிக்கைக்காக உண்டான விதி அது. அந்த ஆட்டமும் ஒரு வியாழன் இரவுதான், முந்தைய ஆட்டத்திலிருந்து நான்காம் நாள்.

மூளையை நீங்கள் அளந்த இடமும் ஒன்று உண்டு. முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டு, 2013-ல் 76.5 கோடி டாலர் என்று சமரசமாகி, பிறகு அந்தத் தொகை போதாமல் போகலாம் என்று நீதிபதி சுட்டிக்காட்டியதால் உச்சவரம்பு நீங்கியது. இழப்பீடு கேட்டு வந்தவர்களின் அறிவுத்திறன் சோதனையில், கறுப்பின வீரர்களின் தொடக்க நிலையே தாழ்வு என்று கொண்டு மதிப்பெண் போட்டார்கள். தொடக்கமே தாழ்வென்றால், சரிந்ததைக் காட்டுவது எப்படி? உங்கள் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2020-ல் இருவர் வழக்குத் தொடுத்த பிறகு, 2021-ல்தான் அதைக் கைவிடுவதாகச் சொன்னீர்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. உங்களுக்கு நடுங்கியிருக்குமா தெரியாது.

ஆட்டக்காரரே ஆட வேண்டும் என்கிறாரே என்பீர்கள். சொல்லத்தான் செய்வார். ஒரு வாரம் உட்கார்ந்தால் அவர் இடத்துக்கு வேறொருவர் வருவார். முழுச் சம்பளத்துக்கும் உறுதி இல்லாத ஒப்பந்தங்கள் நிறைய. அதோடு, அடிபட்ட மூளையிடமே அதன் நலத்தை விசாரிப்பது, குடித்தவரிடம் வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்பது போலத்தான்.

ரக்பியைப் பாருங்கள். அதுவும் முரட்டு ஆட்டம்தான், ஹெல்மெட்கூடக் கிடையாது. 2022 ஜூலையில் அதை நடத்துகிறவர்கள் விதி போட்டார்கள்: மூளையதிர்ச்சி கண்ட தொழில்முறை வீரர்களில் பெரும்பாலோர் குறைந்தது 12 நாள் களத்துக்கு வெளியே.

நான் கேட்பது இரண்டே. ஞாயிற்றுக்கிழமை தலையில் அடிபட்டுப் பரிசோதனைக்குப் போனவர், முடிவு எதுவானாலும், வியாழக்கிழமை ஆடக்கூடாது. மூளையதிர்ச்சி உறுதியானால் 12 நாள். அணி, மருத்துவர், ஆட்டக்காரர் யார் கேட்டாலும் ஒரு நாளும் குறையக்கூடாது. அடுத்த ஒருவர் விழும்வரை காத்திராமல், வரும் பருவம் தொடங்கும் முன் இதை எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
வியாழன் இரவுகளில் டிவியை அணைத்துவிட்ட ஒரு பழைய ரசிகன்,
எடிசன், நியூ ஜெர்சி.