பேட்டைப் பரணில் போடும் அறிவாளிகள்

"சயின்ஸ் குரூப் எடுத்துருக்காண்ணே. இனிமே ஷட்டிலெல்லாம் கெடையாது."

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம், பால் பாக்கெட்டும் கையுமாக வந்த பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொன்னார். சொன்ன தோரணையைப் பார்த்தால், மகள் ஏதோ கெட்ட சகவாசத்தை விட்டுத் திருந்திவிட்ட மாதிரி இருந்தது. விடியுமுன்னே எழுந்து மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் போய் ஆடிவிட்டு வந்து, குளித்துப் பள்ளிக்கூடம் போன பிள்ளை அது. "ஆராய்ச்சி பண்ணணும், டாக்டரேட் வாங்கணும்ங்குறா. அப்ப இதை விட்டுத்தானே ஆகணும்?" என்று என்னையே கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடையைக் கட்டினார். நின்றிருந்தால் ஒரு பெயர் சொல்லியிருப்பேன்.

ஹாதியா ஹோஸ்னி. எகிப்துக்காரர். ஷட்டில் ஆடுகிறவர். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக், 2012-இல் லண்டன் ஒலிம்பிக், பிறகு டோக்கியோ ஒலிம்பிக் என்று மூன்றில் ஆடியவர். இதே அம்மாள் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தார், மருந்தியலில் முனைவர் பட்டம் வாங்கினார், கெய்ரோவில் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பாடம் நடத்தியிருக்கிறார். போதாததற்கு, டோக்கியோவில் ஆடப் போனபோது எகிப்து நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். நல்லவேளை, அவர் மதுரையில் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் பதினொன்றாம் வகுப்பிலேயே பேட் பரணுக்குப் போயிருக்கும். நீட் கோச்சிங்கில் உட்கார்ந்து, இடைவேளையில் ஒரு வடையும் கண்ணில் கருவளையமுமாக மிச்சக் காலத்தைக் கழித்திருப்பார்.

"விளையாட்டுக்குப் போனா படிப்பு கெட்டுரும்" என்பதை நம் ஊரில் ஜோசியத்தைவிட உறுதியாக நம்புகிறார்கள். ஜோசியத்துக்காவது பரிகாரம் உண்டு. இதற்கு அதுவும் இல்லை. ஆடுகிறவனுக்கு மூளை காலில், படிக்கிறவனுக்கு மூளை தலையில் என்று யார் பிரித்து வைத்தது? டென்மார்க்கில் ஹரால்ட் போர் என்று ஒரு கணித மேதை இருந்தார். இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தம்பி. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் கால்பந்தாடி வெள்ளிப் பதக்கம் வாங்கிவிட்டு, 1910-இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். 1954 மே 6-ஆம் தேதி ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, உலகத்திலேயே முதல்முறையாக நான்கு நிமிடத் தடையை உடைத்த ரோஜர் பானிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர். பின்னாளில் நரம்பியல் நிபுணராகி, தன்னியக்க நரம்பு மண்டலத்தைப் பற்றி ஆயுள் முழுக்க ஆராய்ந்தார். ஷட்டிலிலேயே இன்னொருவர் வேண்டுமா? 1949-இல் ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டம் வென்ற அமெரிக்கர் டேவிட் ஃப்ரீமன், மூளை அறுவை மருத்துவர். மூளை காலில் இருக்கிறதா தலையில் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டிருக்கலாம், திறந்தே பார்த்தவர்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் கதைண்ணே" என்பார்கள். எகிப்து எப்போது வெள்ளைக்கார நாடானது? சரி, உள்ளூருக்கே வருவோம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய தாலிமெரன் ஆவ், கல்கத்தாவில் எம்.பி.பி.எஸ். முடித்து நாகாலாந்துக்குத் திரும்பி வைத்தியம் பார்த்தார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஷட்டிலில் தங்கம் வாங்கிய நிதேஷ் குமார், மண்டி ஐ.ஐ.டி.யில் படித்தவர். அதே பாரிஸில் வெள்ளி வாங்கிய நம் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன், நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே ஆடியவர். அவர் சயின்ஸ் குரூப் எடுக்காமலா அந்தக் கல்லூரிக்குப் போனார்?

சயின்ஸ் என்று இவர்கள் சொல்வதுதான் எனக்கு எரிச்சல். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் எறிபொருள் இயக்கம் வரும். "பாதை ஒரு பரவளையம்" என்று பிள்ளை மனப்பாடம் செய்யும். காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளவில்லை என்று ஒரு வரி இருக்கும்; அதை யாரும் படிப்பதில்லை, பரீட்சைக்கு வராது. ஷட்டில் ஆடுகிற பிள்ளையிடம் கேளுங்கள். அந்தக் காக் பரவளையமாகப் போகவே போகாது. மேலே ஏறும், சட்டென்று சோர்ந்து செங்குத்தாக விழும். பதினாறு இறகு, ஐந்தேகால் கிராமைச் சுற்றி எடை, காற்று அதைப் பிடித்து இழுக்கிற இழுப்பு அப்படி. 2023-இல் சாத்விக்சாய்ராஜ் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் ஏறியது. ஆனால் பேட்டை விட்டுக் கிளம்பிய கணத்தில்தான் அந்த வேகம், எதிராளியிடம் போய்ச் சேர்வதற்குள் பெரும்பகுதி காற்றிலேயே கரைந்துவிடும். இது இயற்பியல் இல்லாமல் வேறென்ன? கையில் ஆய்வுக்கூடத்தை வைத்திருந்த பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டு, கைடு வாங்கிக் கொடுத்து "சயின்ஸ் படி" என்கிறோம்.

ஆராய்ச்சி என்பது தோற்பது. இன்றைக்குச் செய்த சோதனை வராது, நாளைக்கும் வராது, ஆறு மாதம் கழித்து ஒருநாள் வரும். அதுவும் பாதிதான் வரும். இதைத் தாங்குகிற பழக்கம் எங்கே கிடைக்கும்? நூற்றுக்கு நூறு வாங்கியே வளர்ந்த பிள்ளைக்குக் கிடைக்காது. இருபத்தொன்றுக்குப் பத்தொன்பதில் தோற்று, எதிராளிக்குக் கைகொடுத்துவிட்டு, மறுநாள் விடியலில் அதே கோர்ட்டில் போய் நிற்கிற பிள்ளைக்குக் கிடைக்கும். ஹாதியா ஹோஸ்னி ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியதில்லை. தோற்றுத் தோற்றுத்தான் மூன்று முறை போனார். அப்படிப்பட்டவர் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை கைவிட்டால் அழுதுகொண்டா உட்கார்ந்திருப்பார்?

இந்த மூடநம்பிக்கைக்குப் பெற்றோரை மட்டும் சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அங்கே பி.டி. பீரியட் என்பது கணக்கு வாத்தியாருக்குச் சொந்தமான புறம்போக்கு நிலம். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதியே, கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் அந்தப் பீரியடைக் கடன் வாங்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். யார் கேட்டார்கள்? பி.டி. வாத்தியாருக்கு அங்கே இருக்கிற வேலை, காலையில் கேட்டில் நின்று தலைமுடியையும் ஷூவையும் பார்ப்பது, ஆண்டு விழாவில் வரிசை ஒழுங்குபடுத்துவது. ரிசல்ட் வந்ததும் ஃபிளெக்ஸில் மார்க் வாங்கிய முகங்கள் மட்டும் வரிசையாகச் சிரிக்கும்.

இந்த ஊரின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். தமுக்கம் மைதானத்தில் இப்போது மாநாட்டு மையம் நிற்கிறது. அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 2024-இல் ஏறுதழுவுதலுக்குப் பிரமாண்டமாக அரங்கம் திறந்தார்கள். மாட்டுக்கு அரங்கம் கட்டியதில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைக்கு எங்கே என்றுதான் கேட்கிறேன். கோர்ட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஆடுகிற பிள்ளை மாதக் கடைசியில் தானாகவே நின்றுவிடும். பெண்பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் நின்றுவிடும், "வயசுக்கு வந்த பிள்ளை அரை டவுசரோட ஆடுதா?" என்று கேட்க ஒரு அத்தையாவது வீட்டில் இருப்பாள். சயின்ஸ் குரூப் என்பது அந்த அத்தைக்குக் கிடைத்த நாகரிகமான சாக்கு.

இதே மதுரையின் ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் ஷட்டிலில் மூன்று தங்கம் வாங்கியபோது, இதே ஆட்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்து "எங்க ஊர்ப் பொண்ணு" என்றார்கள். ஊர்ப் பெண் ஆடலாம். வீட்டுப் பெண் ஆடக்கூடாது. அதையும் தாண்டி ஒரு வேடிக்கை உண்டு. விளையாட்டை வெட்டிவேலை என்கிற அதே அப்பா, பொறியியல் கலந்தாய்வு நெருங்கியதும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குச் சான்றிதழ் கிடைக்குமா என்று அலைவார். வெட்டிவேலைக்குச் சான்றிதழ் எதற்கு?

மார்க் குறைந்துவிடும் என்று பயப்படுகிற பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். பேட்டைப் பிடுங்கி மிச்சப்படுத்துகிற இரண்டு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை படிக்கப்போவதில்லை, செல்போனைத்தான் நோண்டப்போகிறது. அது உங்களுக்கும் தெரியும். ஆடினதால் படிப்பு கெட்டவர் என்று யாரையாவது காட்டுவதாயிருந்தால், வகுப்பு போரடித்துக் கெட்டவரையும், வீட்டு வறுமையால் கெட்டவரையும், வாத்தியார் இல்லாமல் கெட்டவரையும் கழித்துவிட்டு மிச்சம் யார் என்று காட்டுங்கள். நான் ஹாதியா ஹோஸ்னியைக் காட்டிவிட்டேன்.

பிள்ளை ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறதா? சந்தோஷம், படிக்க வையுங்கள். ஆனால் ஷட்டிலை நிறுத்தாதீர்கள்.